வீட்டுக்கா, ஆளுக்கா? லெப்டொப், டெஸ்க்டொப் ஒரு ஒப்பீடு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வெள்ளவத்தையிலிருந்து போன் எடுத்தாள். “தம்பி, ஒரு கொம்பியூட்டர் வாங்கப் போறம். அத்தான் டெஸ்க்டொப் எண்டு நிக்கிறார், பிள்ளை லெப்டொப்தான் வேணும் எண்டு மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கிறாள். நீ ஒருக்கா வந்து சொல்லிப்போட்டுப் போ.” வாங்கப்போவது ஒன்றுதான். கையில் இருக்கும் காசும் ஒன்றுக்குத்தான் போதும். மருமகள் உயர்தரம் தொடங்கியிருக்கிறாள், அவளுடைய பாடங்களில் ஒன்று தகவல் தொழில்நுட்பம். மருமகன் ஒன்பதாம் வகுப்பு. அத்தான் ஊர்ச் சங்கமொன்றின் கணக்கையும் கடிதங்களையும் பார்க்கிறவர். அக்காவுக்கு, டொரன்டோவில் இருக்கும் பெரியம்மாவைக் கொஞ்சம் பெரிய திரையில் பார்த்துக் கதைக்க வேண்டும்.

இந்தக் கேள்வியோடு சொந்தக்காரர் என்னிடம் வருவது புதிதில்லை. வருகிறவர்கள் எல்லோரும் ‘எது நல்லது?’ என்றுதான் தொடங்குவார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: இதை வீட்டுக்கு வாங்குகிறீர்களா, ஆளுக்கு வாங்குகிறீர்களா?

டெஸ்க்டொப் தையல் மெஷினைப் போல வீட்டுக்குச் சொந்தமானது. ஒரு மூலையில் நிற்கும், தேவைப்பட்டவர் போய் உட்காருவார், எழும்பினால் அடுத்தவர். லெப்டொப் அப்படி இருக்காது. எல்லோருக்குமென்று வாங்கினாலும் மூன்று மாதத்தில் அது ஒருவருடையதாகிவிடும். அவருடைய பாஸ்வேர்ட், அவருடைய கட்டிலருகே சார்ஜர், அவருடைய பைக்குள் மவுஸ். மற்றவருக்குக் கிடைக்கும்போது பற்றறியில் எட்டு வீதம் இருக்கும். நான் பார்த்த வீடுகளில் இந்த விஷயத்தில் வந்த சண்டைகள் பெரும்பாலும் இதனால்தான் வந்தன. மெஷினின் வேகத்தைப் பற்றி யாரும் சண்டை பிடித்ததில்லை.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடியபோது எங்கள் வீட்டிலும் அவசரத்தில் ஒரு லெப்டொப் வாங்கினோம். மெல்லியது, பார்க்க வடிவானது, விலையும் குறைவு. வேலை ஓடும்போது மெஷின் பாவிக்கும் நினைவகமான ராம் 4 ஜிபி, சேமிப்பு 64 ஜிபி. சூம் வகுப்பு ஒன்றைத் திறந்து, பக்கத்தில் ஆசிரியர் அனுப்பிய பிடிஎஃப்பையும் திறந்தால் மவுஸ் அம்பு நின்று நின்று நகரும். சில மாதங்களில் விண்டோஸ் தன்னை மேம்படுத்த இடமில்லை என்று சொல்லத் தொடங்கியது. ராமைக் கூட்டலாமா என்று திருத்துகிற தம்பியிடம் கொண்டுபோனேன். அவர் அடிமூடியைக் கழற்றிக் காட்டினார். ராம் சிப்கள் மதர்போர்டோடு ஒட்டியே வந்திருந்தன, சேமிப்பும் அப்படியே. செருகுவதற்கு ஒரு துளைகூட இல்லை. இரண்டு வருடத்தில் மூடுகிற கீல் உடைந்தது. இன்று அது அலுமாரிக்கு மேல் கிடக்கிறது. அன்றைக்கு அதே காசுக்கு ஒரு பழைய டெஸ்க்டொப் எடுத்திருந்தால், ராமையும் டிஸ்க்கையும் மாற்றி மாற்றி இன்றும் ஓட்டிக்கொண்டிருப்போம். அந்தக் கவலை எனக்கு இன்னும் இருக்கிறது. இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் அழுத்திப் பேசினால் அதுதான் காரணம்.

சரி, கரண்டிலிருந்து தொடங்குவோம். கொழும்பில் கொம்பியூட்டர் வாங்குகிற எவரும் 2022ஐ மறந்துவிட்டு முடிவெடுக்க மாட்டார்கள். அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் கரண்ட் இல்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்து நாடு முழுக்க இருண்டது இன்னும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். லெப்டொப் பக்கம் நிற்கிறவர்களின் மிகப் பலமான வாதம் இதுதான், அதில் நியாயமும் இருக்கிறது. சாதாரண லெப்டொப்பின் பற்றறி 40 முதல் 60 வாட்-மணி கொள்ளும். எழுதுவதற்கும் படிப்பதற்கும் அது 10 வாட் அளவில் எடுக்கும். ஆகவே புதிதாக இருக்கும்போது நாலைந்து மணிநேரம் தாராளமாகப் போகும்.

டெஸ்க்டொப்புக்கு யூபிஎஸ் வேண்டும், அதாவது கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்கும் பற்றறிப் பெட்டி. கடைகளில் அதிகம் விற்பது 650 விஏ என்று எழுதிய பெட்டி. அந்த எண்ணைப் பார்த்து ஏமாறக்கூடாது. அது எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பதற்கான எண், எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்கானது இல்லை. உள்ளே இருப்பது பொதுவாக 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய பற்றறி ஒன்று. பெருக்கினால் 84 வாட்-மணி. வேகமாக உறிஞ்சும்போது அதில் பாதியளவுதான் கைக்கு வரும். மொனிட்டரோடு சேர்த்து 100 வாட் எடுக்கும் டெஸ்க்டொப்புக்கு இருபது நிமிடம், புதிய பற்றறியென்றால் இன்னும் கொஞ்சம். எழுதியதைச் சேமித்து ஒழுங்காக நிறுத்த அது போதும். வகுப்பு முடியும்வரை இருக்க அது போதாது. அதோடு இந்த ஈய பற்றறிகள் முழுக்க வடிய வடிய சீக்கிரம் செத்துப்போகும். கொழும்பு வெக்கையில் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பற்றறி மாற்றுவதையும் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கரண்ட் போனால் ரவுட்டரும் நின்றுவிடும். மடியில் லெப்டொப் நாலு மணிநேரம் ஓடலாம், சூம் வகுப்பு ஓடாது. போன் டேட்டாவுக்குத்தான் போக வேண்டும். நீண்ட மின்வெட்டில் கோபுரங்களின் பற்றறியும் இறங்கி அந்தச் சிக்னலும் மெலிந்துபோகும் என்பதை 2022இல் கண்ணால் கண்டோம். அதனால் எதை வாங்கினாலும் ரவுட்டருக்கென்று ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கிவிடுங்கள். உள்ளங்கை அளவு பெட்டி, 12 வோல்ட் கொடுக்கும், ரவுட்டர் எடுக்கும் கொஞ்சக் கரண்டுக்கு சில மணிநேரம் வரும். வாங்கும்போது உங்கள் ரவுட்டரின் அடாப்டரில் எத்தனை வோல்ட் என்று பார்த்துக்கொண்டு போங்கள். பைபர் இணைப்பென்றால் அதில் வரும் வெளிச்சத்தை இணையச் சிக்னலாக மாற்றுகிற பெட்டி தனியாக இருக்கிறதா, ரவுட்டரும் அதுவும் ஒன்றா என்றும் பார்க்க வேண்டும். தனியென்றால் இரண்டுக்கும் கரண்ட் வேண்டும்.

இடியும் இருக்கிறது. ஏப்ரலிலும், பிறகு ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் கொழும்பில் இடி இடிக்கும். அந்த நேரத்தில் பிளக்கைக் கழற்றுவதுதான் ஒரே பாதுகாப்பு. லெப்டொப்பில் சார்ஜரைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடரலாம். டெஸ்க்டொப்பை நிறுத்தத்தான் வேண்டும், வேறு வழியில்லை. முன்பு செப்புக் கம்பித் தொலைபேசி வழியாகவும் மின்னல் இறங்கி ரவுட்டரையும் லேன் போர்ட்டையும் சுட்டுவிடும். பைபர் கண்ணாடி இழை என்பதால் அந்த வழி அடைபட்டுவிட்டது. பிளக் வழியாக வருவது இன்னும் வரும்.

கரண்ட் பில்லையும் ஒரு தரம் கணக்குப் பார்ப்போம். நாளுக்கு ஆறு மணிநேரம், மாதம் முப்பது நாள். 100 வாட் எடுக்கும் டெஸ்க்டொப்புக்கு 18 யூனிட். சார்ஜரோடு ஓடி, கூடிப்போனால் 40 வாட் எடுக்கும் லெப்டொப்புக்கு 7 யூனிட் சொச்சம். வித்தியாசம் மாதத்துக்கு 11 யூனிட் அளவு. கேட்கச் சின்னதுதான். ஆனால் நம்முடைய வீட்டு மின்கட்டணம் 60, 90, 120, 180 என்று படிபடியாக ஏறுகிறது. ஏற்கனவே ஒரு படியின் விளிம்பில் நிற்கிற வீட்டுக்கு அந்த 11 யூனிட் அடுத்த படிக்குத் தள்ளிவிடும், நிலையான கட்டணமும் அதோடு கூடும். உங்கள் கடைசி மூன்று மாத பில்லை எடுத்துப் பாருங்கள். 70, 75இல் நிற்கிறதென்றால் பயப்பட ஒன்றுமில்லை. 85 அல்லது 115 என்று இருந்தால் இதையும் யோசிக்க வேண்டும்.

இனி கடற்காற்று. கொழும்பில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விடவே முடியாது, வெளியூர்க்காரர் எழுதும் ஆலோசனைகளில் இது வராது. அக்காவின் பிளட் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையில் மூன்றாம் மாடி. ஜன்னலைத் திறந்தால் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். அங்கே ஜன்னல் கம்பியைத் தடவினால் விரலில் பிசுபிசுக்கும். அந்த உப்பு ஈரத்தைத்தான் டெஸ்க்டொப்பின் பேன் நாள் முழுக்க உள்ளே இழுக்கிறது. பேனில் படியும் தூசி மற்ற இடங்களில் உதிரும், இங்கே பசைபோல ஒட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று வருடத்தில் பின்பக்கத் துளைகளில் பச்சை பூக்கும். ஒரு நாள் பட்டனை அமத்தினால் திரை கறுப்பாகவே இருக்கும், உள்ளிருந்து ‘பீப், பீப்’ என்று மட்டும் கேட்கும்.

பெரும்பாலும் அது செத்துப்போனதில்லை. பிளக்கைக் கழற்றிவிட்டுப் பக்கத்து மூடியைத் திறந்து, ராம் பட்டையின் இரு முனையிலும் உள்ள கொளுக்கியை விரித்து அதைத் தூக்குங்கள். கீழ் விளிம்பில் தங்க நிறப் பற்கள் வரிசையாக இருக்கும், அவற்றின் மேல் மங்கலாக ஒரு படலம் தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளையின் வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்தால் அந்தப் படலம் கறுப்பாக உருண்டு வரும். பொடியை ஊதிவிட்டு, ‘டிக்’ என்று சத்தம் வரும்வரை திரும்ப அமத்தினால் போதும், மெஷின் எழும்பிவிடும். நான் என் அப்பாவின் பழைய டெஸ்க்டொப்பில் இதை எட்டுத் தடவையாவது செய்திருப்பேன். கடைசித் தடவை மருமகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தேன். அடுத்த தடவை அவனே செய்துவிட்டு எனக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். ஒரு பிள்ளை மெஷினின் உள்ளே பயமில்லாமல் கை வைப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். லெப்டொப்பில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

லெப்டொப்புக்குள்ளும் உப்புக் காற்று போகும். வீட்டில் இல்லாத நேரத்தில் மூடிப் பைக்குள் வைக்கலாம் என்பதால் கொஞ்சம் தப்பும். பழுதானால்தான் தலையிடி. டெஸ்க்டொப்பின் கீபோர்ட் போனால் பக்கத்துக் கடையில் இரண்டாயிரம் ரூபாய் அளவில் ஒன்று வாங்கி மாட்டிவிடலாம். லெப்டொப் கீபோர்டில் ஒரு எழுத்து போனால், பல மொடல்களில் மேல் தட்டு முழுவதையும் கழற்ற வேண்டும். அந்த மொடலுக்கான பாகம் கொழும்பில் இல்லையென்றால் வெளியே இருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். பவர் சப்ளை, மொனிட்டர், மவுஸ், டிஸ்க் என்று டெஸ்க்டொப்பில் எதுவும் தனித்தனி. ஒன்று போனால் ஒன்றுக்குத்தான் செலவு. லெப்டொப்பின் திரையில் வெடிப்பு விழுந்தால் மெஷினின் பெறுமதியில் ஒரு பெரிய பங்கு போய்விடும். அதுவும் 100ஆம் இலக்க பஸ்ஸில் மாலை ஐந்தரைக்கு முதுகில் பையோடு ஏறுகிறவருக்கு, அந்த நெரிசல் திரையை என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அக்காவையும் அத்தானையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போனோம். மெஜஸ்டிக் சிட்டிக்குப் பக்கத்துக் கட்டிடம், பல வருடங்களாகக் கொழும்பில் கொம்பியூட்டர் என்றால் அதுதான். அங்கே போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: முதல் நாள் வாங்காதீர்கள். நாலைந்து கடைகளில் கேட்டு, எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். டொலர் விலை ஏறி இறங்க இந்தச் சாமான்களின் விலையும் அதோடு ஆடும். 2022 தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டபோது, அதே மெஷின்களின் விலைச்சீட்டுகள் எங்கே போய் நின்றன என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஒரே காசுக்கு எது கூடத் தரும் என்றால், புதிதுக்குப் புதிது டெஸ்க்டொப்தான். லெப்டொப்பில் சின்னதாகச் செய்வதற்கும், பற்றறிக்கும், திரைக்கும் சேர்த்து விலை போகிறது. அதே பெயரில் வரும் ப்ரொசசரும் லெப்டொப்பில் மெதுவாகத்தான் ஓடும். இன்டெல் ஐ5 என்று இரண்டிலும் எழுதியிருக்கும். ஆனால் மெல்லிய லெப்டொப்பில் வரும் ‘யு’ வகை 15 வாட் அளவுக்கு அடக்கி வைக்கப்பட்டது, சாதாரண டெஸ்க்டொப் ப்ரொசசர் 65 வாட் வகை. ஏசி இல்லாத அறையில், மத்தியானம் 31 பாகை வெக்கையில், மெத்தைக்கு மேல் வைத்து லெப்டொப்பை ஓட்டினால் கீழேயுள்ள காற்றுத் துளையும் அடைபட்டுவிடும். சூடு ஏற ஏற அது தன்னைத்தானே இன்னும் மெதுவாக்கிக்கொள்ளும்.

லெப்டொப் வாங்குகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது மூன்று விஷயங்களை. ராம் 8 ஜிபிக்குக் குறையக்கூடாது, பின்னால் கூட்ட ஒரு துளையாவது இருக்க வேண்டும். சேமிப்பு, சுழலும் தட்டு இல்லாத வேகமான எஸ்எஸ்டியாக, 256 ஜிபிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். விலை குறைந்தவற்றில் வரும் இஎம்எம்சி சேமிப்பு மெதுவானது, மாற்றவும் முடியாது. எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேல் கிடப்பது அந்த வகைதான். பிறகு, பற்றறியை நாள் முழுக்க நூறு வீதத்தில் சார்ஜரோடு வைத்திருக்காமல் 80 வீதத்தில் நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். பல கம்பனிகளின் லெப்டொப்களில் அந்த செட்டிங் இருக்கிறது. சூடும் நிறைந்த சார்ஜும் சேர்ந்தால் லிதியம் பற்றறி ஊதும், சீக்கிரம் தளரும்.

பாவித்த மெஷின்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பலர் உண்மையில் வாங்குவது அதைத்தான். வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்ட டெஸ்க்டொப்களும் லெப்டொப்களும் கொழும்புக் கடைகளில் நிறையக் கிடைக்கின்றன. இதில் விழக்கூடாத குழி ஒன்று உண்டு. விண்டோஸ் 10க்கான மைக்ரோசொப்டின் வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய ப்ரொசசரும் வேண்டும். நாலாம், ஆறாம் தலைமுறை மெஷின்களை மலிவாகக் காட்டுகிறார்கள் என்றால் காரணம் இதுதான். ப்ரொசசர் பெயரில் ஐ5-க்குப் பிறகு வரும் இலக்கத்தைப் பாருங்கள். 8500 என்றால் எட்டாம் தலைமுறை, 6500 என்றால் ஆறு. கடைக்காரர் “விண்டோஸ் 11 போட்டுத் தாறம்” என்று சொல்வார். சுற்றுவழியில் போடலாம்தான், பின்னால் மேம்படுத்தல்கள் ஒழுங்காக வருமென்று யாரும் பொறுப்பெடுக்க மாட்டார்கள்.

பாவித்தது என்று முடிவெடுத்தால் டெஸ்க்டொப் பக்கம்தான் எனக்கு நம்பிக்கை. பாவித்த லெப்டொப்பில் பற்றறி எவ்வளவு தேய்ந்தது, கீல் எத்தனை தரம் திறந்து மூடியது, யாருடைய கோப்பி கீபோர்டுக்குள் ஊற்றியது என்பது ஒன்றும் வெளியே தெரியாது. அலுவலக டெஸ்க்டொப் மேசைக்கு அடியில் ஒரே இடத்தில் இருந்து வந்தது. தூசி இருக்கும், வேறு பெரிதாக ஒன்றும் இருக்காது.

அப்புறம் உடம்பு. இதை நீட்டத் தேவையில்லை. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே, ஒரு கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். லெப்டொப்பில் திரையும் கீபோர்டும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் ஒன்றைச் சரியாக வைத்தால் மற்றது பிழைக்கும். வளர்கிற பிள்ளை நாளுக்கு மூன்று நாலு மணிநேரம் குனிந்தபடி இருப்பதைப் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை. லெப்டொப்தான் என்றால் அதற்குக் கீழே நாலு தடித்த புத்தகங்களை வைத்து உயர்த்தி, தனிக் கீபோர்டும் மவுஸும் கொடுத்துவிடுங்கள்.

லெப்டொப்பைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். அனெக்ஸில் வாடகைக்கு இருந்து வருடத்துக்கு ஒரு தரம் சாமான் கட்டுகிறவர்கள். யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையில் இரவு பஸ்ஸில் போய்வருகிறவர்கள். கம்பஸ் பிள்ளைகள். வாரத்தில் இரண்டு நாள் அலுவலகம், மூன்று நாள் வீடு என்று வேலை செய்கிறவர்கள். களனி கங்கை பெருகினால் தண்ணீர் ஏறுகிற கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் தரைத்தளத்தில் இருக்கிறவர்களையும் இதில் சேர்ப்பேன். 2016 மே வெள்ளத்தில் வீட்டை விட்டு வெளியேறியவர்களுக்கு, கையில் ஒரு பையோடு போவதா, பெட்டியையும் மொனிட்டரையும் எங்கே ஏற்றுவது என்று தேடுவதா என்ற வித்தியாசம் நன்றாகத் தெரியும். இவர்கள் எல்லோருக்கும் மெஷின் ஆளோடு போக வேண்டும். அவர்களுக்கு மற்ற கணக்குகள் எல்லாம் பிறகுதான்.

கேம் விளையாடவும் வீடியோ எடிட் பண்ணவும் என்றால் கிராபிக்ஸ் கார்ட் போட்ட டெஸ்க்டொப். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. திரைக்குப் பின்னாலேயே எல்லாம் அடங்கிய ஒல்-இன்-வன் வகையை நான் யாருக்கும் சொல்வதில்லை. தூக்கிக்கொண்டு போகவும் முடியாது, பாகம் பாகமாகத் திருத்தவும் முடியாது.

பலருடைய கண்ணில் படாதது ஒன்று இருக்கிறது. ஒரு தடித்த அகராதியளவு பெட்டியில் வரும் சின்ன டெஸ்க்டொப். டெல் ஒப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, எச்பி எலிட்டெஸ்க் மினி என்று அலுவலகங்களுக்காகச் செய்தவை, பாவித்தவையாகக் கிடைக்கின்றன. லெப்டொப்புக்கு வருவதுபோல வெளியே ஒரு அடாப்டர், உள்ளே பெரும்பாலும் 35 வாட் ப்ரொசசர், ராமுக்கு லெப்டொப் அளவில் இரண்டு துளைகள், எஸ்எஸ்டிக்கு இடம். சாதாரண வேலைக்கு 15, 20 வாட்தான் எடுக்கும். 22 அங்குல மொனிட்டர் இன்னொரு 20 வாட். மேலே போட்ட கணக்கைத் திரும்பப் போடுங்கள். மாதம் 7 யூனிட், லெப்டொப் அளவுக்கு வந்துவிட்டது. அதே 650 விஏ யூபிஎஸ்ஸும் புதிதாக இருக்கும்போது அரை மணிநேரத்துக்கு மேல் தாங்கும். டெஸ்க்டொப்பின் இரண்டு பெரிய குறைகள் பாதியாகக் குறைந்துவிட்டன. இடமும் பிடிக்காது. வெள்ளவத்தைப் பிளட் ஹோலில் இடம் எவ்வளவு பெறுமதியானது என்று அங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

மருமகளோடு நான் தனியாகக் கதைத்தேன். “உனக்கு ஏன் லெப்டொப் வேணும்?” என்று கேட்டால் முதலில் “எல்லாரும் வச்சிருக்கினம் மாமா” என்றாள். பிறகு உண்மையைச் சொன்னாள். தம்பி பின்னால் நின்று பார்க்காத இடத்தில் இருந்து படிக்க வேண்டும். அது நியாயமான காரணம், அதை நான் அக்காவிடமும் சொன்னேன். ஆனால் ரியூசனுக்கு அவள் கொம்பியூட்டர் கொண்டுபோவதில்லை. உயர்தரத் தகவல் தொழில்நுட்பத்துக்குத் தேவையான பைதன் எழுத இந்தச் சின்னப் பெட்டியே தாராளம். அவளுக்கு லெப்டொப் உண்மையாக வேண்டிவருவது கம்பஸுக்குப் போகும்போது. இப்போது வாங்கினால் அந்த நேரத்தில் அதன் பற்றறி தளர்ந்திருக்கும்.

ஆகவே இப்போதைக்கு வீட்டுக்கு. எட்டாம் தலைமுறை ஐ5 போட்ட பாவித்த சின்ன டெஸ்க்டொப், 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, புதிய 22 அங்குல மொனிட்டர், யூபிஎஸ், வெப்கேம், ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ். எல்லாம் சேர்ந்தும் மருமகள் கேட்ட புதிய லெப்டொப்பின் விலைக்குக் குறைவாகவே வந்தது. மிச்சக் காசை அவள் பெயரில் போட்டுவைக்கச் சொன்னேன். அத்தான் உடனே சம்மதித்தார், அக்காவும் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுச் சம்மதித்தாள்.

பொருத்தும்போது ஒரு விஷயம் தட்டுப்பட்டது. வெறுங்காலோடு நின்று பெட்டியின் இரும்பில் விரலை வைத்தால் ‘விர்’ என்றது. அத்தான் மெஷின் பழுது என்று நினைத்துப் பதறிவிட்டார். பழுதில்லை. இந்த வகை அடாப்டருக்குள் கரண்டிலுள்ள இரைச்சலை வடிகட்டச் சின்னக் கொண்டென்சர்கள் இருக்கும். அவற்றின் வழியாகக் கசியும் துளிக் கரண்ட் எர்த் கம்பிவழியாகப் போக வேண்டும். அந்தப் பழைய பிளக் பொயின்டில் எர்த் சரியாக வேலை செய்யவில்லை. வட்ட ஊசி பிளக்குக்கு ஒரு மாற்றுப் பிளக்கை வேறு செருகியிருந்தார்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, எர்த்தைச் சரிபார்த்து, சதுர ஊசி 13 ஆம்பியர் பொயின்ட் ஒன்று போட்டபிறகு அந்தக் கூச்சம் போய்விட்டது. வாங்குவதற்கு முன்னாலேயே பார்த்திருக்க வேண்டியது இது. நீங்கள் பார்த்துவிடுங்கள்.

மேசையைக் கடற்பக்க ஜன்னலை விட்டு எதிர்ச் சுவர்ப் பக்கம் மாற்றினோம். உப்புக் காற்று நேரே அடிக்காது, திரையில் வெயிலும் தெறிக்காது. மருமகளுக்காக மொனிட்டரைத் திருப்பி வைத்தோம். கதிரையில் இருக்கிறவரின் முதுகு சுவர்ப் பக்கம் வரும், பின்னால் வந்து யாரும் எட்டிப் பார்க்க முடியாது. நாலு பேருக்கும் விண்டோஸில் தனித்தனிக் கணக்கு. அத்தானுடையதில் பாமினி என்ற பழைய தமிழ்க் கீபோர்ட் முறையில் தட்டெழுத வழிசெய்து கொடுத்தேன். முப்பது வருடமாக விரலில் ஏறிய பழக்கம், இந்த வயதில் அவர் மாற்றத் தேவையில்லை. அவர் அன்றிரவே சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவித்தலை எழுதி முடித்துவிட்டார்.

மொனிட்டரில் எச்டிஎம்ஐ துளைகள் இரண்டு இருக்கிற மொடலாகப் பார்த்துத்தான் எடுத்தேன். ஒன்றில் இந்தப் பெட்டி. மற்றது இரண்டு வருடம் கழித்து மருமகளின் லெப்டொப்புக்கு.